கன் தோ குந்து சந்தை: ஐந்து மாதம் காய் வாங்கியவள் எழுதுவது

இந்தச் சந்தைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, கூரையும் கிடையாது. தெற்கு வியட்நாமில் மெகாங் டெல்டாவின் பெரிய நகரமான கன் தோவில், எங்கள் மாணவர் விடுதிக்குப் பின்பக்கம் போகிற சந்தில் விடியற்காலை நாலரைக்கு முளைத்து, பத்து மணிக்குள் கலைந்துவிடும். சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி பாதி அளவில் கூடும். இந்த மாதிரிச் சந்தைக்குத் தெற்கத்திக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'சோ சொம்ஹொம்'. 'சோ' என்றால் சந்தை. 'சொம்ஹொம்' என்றால் குத்துக்காலிட்டுக் குந்துவது. விற்கிறவரும் குந்தியிருப்பார், வாங்குகிறவரும் குந்தித்தான் பொறுக்க வேண்டும். வடக்கே ஹனோய்ப் பக்கம் இதையே 'தேரைச் சந்தை' என்கிறார்கள். அதிகாரிகள் வருகிற சத்தம் கேட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு தேரை மாதிரித் தாவி அடுத்த சந்தில் உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் வந்த பெயராம்.

நான் கும்பகோணத்துப் பக்கம். மீன்வளம் படிப்பவள். ஒரு பருவம் மட்டும் படிக்க இங்கே வந்தேன். செப்டம்பரில் வந்து, 'தெத்' என்னும் அவர்களுடைய புத்தாண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதுவரை காய், மீன், பழம் எல்லாம் வாங்கியது இந்தச் சந்தில்தான். மருத்துவம் படிக்க வியட்நாம் வருகிற தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்களில் நான் பார்த்த பாதிப் பேர் குளிர்சாதனக் கடையில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய வெண்டைக்காயை வாங்கிக்கொண்டு, "இந்த ஊர்ல நமக்குச் சாப்பிட ஒண்ணும் கிடைக்காது" என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சந்தைக்கு நான் வாங்கப் போகவில்லை, கவனிக்கப் போனேன். பாடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு தெருச் சந்தையை நாலு வாரம் பார்த்து, யார் எதை எங்கிருந்து கொண்டுவந்து யாருக்கு விற்கிறார்கள் என்று எழுத வேண்டும். குழுவில் ஐந்து பேர். நான், லாவோஸ் பெண் ஒருத்தி, ஜப்பானியப் பையன், பெல்ஜியத்துக்காரர் ஒருவர், எங்களுக்கு மொழி சொல்லப் பென் செ ஊர்த் தோழி ஒருத்தி. முதல் நாள் ஐந்து பேரும் நோட்டும் பேனாவுமாகச் சந்து முனையில் வரிசையாக நின்றோம். அதுவரை கலகலவென்று இருந்த சந்து அமைதியாகிவிட்டது. மீன்காரம்மா ஒருவர் தலையிலிருந்த ஓலைத் தொப்பியைக் கழற்றி மீன் பாத்திரத்தின் மேல் கவிழ்த்துவிட்டார். "வார்டு ஆபீஸ்லேர்ந்து கணக்கெடுக்க வந்திருக்கோம்னு நெனைக்கிறாங்க" என்றாள் பென் செ தோழி.

அன்று மாலை எங்கள் குறிப்புகளைப் புரட்டிய ஆசிரியை கேட்டது ஒரே கேள்விதான். "யார் யார் என்னென்ன வாங்கினார்கள் என்று இருக்கிறது. நீங்கள் என்ன வாங்கினீர்கள்?" ஐந்து பேரும் ஒன்றுமே வாங்கியிருக்கவில்லை.

மறுநாள் நோட்டை விடுதியிலேயே வைத்துவிட்டு ஐந்து மணிக்கே போனேன். போனவள் ஒரு தவறு செய்தேன். முதல் கடையிலேயே பாகற்காயைக் கையில் எடுத்து, விலை கேட்டு, வைத்துவிட்டு அடுத்த கூடைக்கு நகர்ந்தேன். தோழி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா ஒரு துண்டுக் காகிதத்தைக் கொளுத்திக் கூடையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். முதல் ஆள் வாங்காமல் போனால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும். அந்தத் தீட்டை நெருப்பால் விரட்டுவதற்கு அங்கே தனிப் பெயரே இருக்கிறது, 'தொத் ஃபொங் லொங்'. தோழி விளக்க ஆரம்பிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. போணி! தாராசுரம் மார்க்கெட்டில் காலையில் முதல் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கைகளைப் பார்த்து வளர்ந்த நான், போணி ஆகாத கடையில் விலை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன். அடுத்த நாள் நாலே முக்காலுக்குப் போய், விலையே கேட்காமல், அதே பாகற்காயை அரைக் கிலோ வாங்கினேன். அவர் சிரிக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. பையைக் கட்டும்போது நாலு தாள் வெங்காயத்தாளும் இரண்டு மிளகாயும் உள்ளே போட்டார். கொசுறு. அதற்குமேல் மொழி எதுவும் தேவைப்படவில்லை.

அவரை எல்லோரும் 'யீ பா' என்று கூப்பிடுகிறார்கள். 'யீ' என்றால் அம்மாவின் தங்கை, நம் சித்திதான். 'பா' என்றால் மூன்று. தெற்கு வியட்நாமில் வீட்டின் முதல் பிள்ளையை இரண்டு என்றுதான் அழைக்கிறார்கள், இரண்டாவது பிள்ளை மூன்று. ஆக, வீட்டுக்கு இரண்டாவதாகப் பிறந்த இந்த அம்மா சந்துக்கெல்லாம் மூன்றாம் சித்தி. எதிர்க்கடை இறைச்சிக்காரர் ஆறாம் மாமா. தோபு, அதாவது சோயாப் பால் கட்டி, விற்கிறவர் எட்டாம் அக்கா. சொந்தப் பெயர் யாருக்கும் தெரிவதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. நான் அவரிடம் பேசும்போது என்னை 'கோன்', அதாவது பிள்ளை, என்றே சொல்லிக்கொள்ள வேண்டும். "பிள்ளைக்கு ஒரு கட்டுக் கீரை கொடுங்க சித்தி." முதல் வாரம் கூச்சமாக இருந்தது. அப்புறம் விடுதி அறையில்கூட அப்படித்தான் வாயில் வந்தது.

இனிச் சரக்கு. இந்தச் சந்தைக்கு வர நினைக்கிற தமிழ் மாணவருக்கு நான் சொல்ல வேண்டியது முக்கியமாக இந்தப் பகுதிதான்.

கீரை, தண்டு, பூ மூன்றிலும் இதற்கு ஈடாக நான் எங்கும் பார்த்ததில்லை. வள்ளைக்கீரை கட்டுக் கட்டாக வரும், அங்கே 'ராவ் முவோங்'. நான் இருந்தபோது ஒரு கட்டு 5,000 டாங். ஏறக்குறைய 300 டாங் நம் ஒரு ரூபாய், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாழைப்பூவை மெல்லிசாகச் சீவித் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார்கள். அல்லித்தண்டு ஆள் உயரத்துக்குச் சுருட்டி வைத்திருக்கும். 'ஞோ ஓம்' என்று வயல்வரப்பில் வளரும் ஒரு சின்னக் கீரை உண்டு. அதைக் கசக்கி மோந்து பார்த்தால் சீரக வாசனை வரும். நாலைந்து தண்டைக் கிள்ளி ரசத்தில் போட்டுப் பாருங்கள்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் யீ பாவின் கூடையில் வெள்ளையாக, பிறை மாதிரி வளைந்த பூக்கள் குவிந்திருந்தன. எட்ட நின்று பார்த்தபோதே தெரிந்தது, அகத்திப் பூ. அங்கே அதற்கு 'சோ துவா' என்று பெயர். சித்தி ஒவ்வொரு பூவாக விரித்து நடுவில் இருக்கும் நரம்பைக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தார். அதை எடுக்காவிட்டால் கசக்கும். நான் பக்கத்தில் குந்தி ஒரு பூவை எடுத்து, எங்கள் அப்பாயி செய்கிறபடி காம்புப் பக்கம் பிடித்து ஒரே இழுப்பில் நரம்பை உருவினேன். சித்தி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தன் பிளாஸ்டிக் முக்காலியை என் பக்கம் தள்ளினார். அன்றைக்கு ஒரு மணி நேரம் நானும் அவரும் பூ ஆய்ந்தோம்.

அன்றுதான் எங்கள் பாட வேலை உண்மையில் தொடங்கியது. யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எல்லாமே காதில் விழுகிறது. தோழி கிசுகிசுப்பாக மொழிபெயர்த்தாள். இந்தப் பூ ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வின் லோங் பக்கத்துத் தோட்டத்தில் பறித்தது. மரம் அவருடைய அண்ணன் வீட்டு வரப்பில் நிற்கிறது. இலையை ஆட்டுக்குப் போடுகிறார்கள். அடிமரத்தை வெட்டிப் போட்டு அதில் காளான் வளர்க்கிறார்கள். "எங்க ஊர்ல இலையைத்தான் சாப்பிடுவோம். மரத்துல வெத்தலைக் கொடியை ஏத்துவோம்" என்று நான் சொன்னதைத் தோழி சொன்னதும், சித்தி எதிர்க்கடைக்குக் கூவி அந்தச் செய்தியைச் சொன்னார். அங்கிருந்து அடுத்த கடைக்குப் போனது. அகத்திக்கீரையை மனிதர்கள் சாப்பிடும் ஊர் ஒன்று இருக்கிறது என்பது அன்று காலை அந்தச் சந்து முழுக்கப் பேச்சு. வெற்றிலை என்றதும் எட்டாம் அக்கா எழுந்துபோய்ச் சந்து முனையிலிருந்து வெற்றிலையும் பச்சைப் பாக்கும் வாங்கிவந்து என் கையில் வைத்தார். அங்கேயும் கல்யாணத் தாம்பூலம் அதுதான். பேச்சைத் தொடங்கி வைப்பது வெற்றிலை என்று ஒரு பழமொழியும் அவர்களுக்கு உண்டு.

மீன் பக்கம் வருவோம். உயிர் மீன்தான் விற்கும். அலுமினியப் பாத்திரத்தில் விரால் துள்ளிக்கொண்டிருக்கும், அங்கே அது 'கா லோக்'. காட்டினால் போதும், அடித்து, செதில் எடுத்து, துண்டு போட்டுத் தந்துவிடுவார்கள். வளர்ப்பு விரால் கிலோ 70,000 டாங்குக்கு வாங்கினேன். வயலில் பிடித்த விரால் வந்தால் அதற்கு வேறு விலை. உடம்பு கறுத்து, மெலிந்து நீளமாக இருக்கும். பனையேறிக் கெண்டையும் உண்டு. இந்த விராலில் அவர்கள் வைக்கும் புளிக் குழம்பு 'கன் சுவா'. புளி, தக்காளி, அன்னாசி, வெண்டைக்காய், சேம்பு இனத்துத் தண்டு ஒன்று, கடைசியில் அந்தச் சீரக வாசக் கீரை. இதற்கு வேண்டிய காயெல்லாம் அளவாக ஒரே பையில் கட்டி வைத்திருப்பார் யீ பா. வேலைக்குப் போகிற பெண்கள் மோட்டார் சைக்கிளை அணைக்காமல், இறங்காமல், காலை மட்டும் ஊன்றி நின்று அந்தப் பையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நானும் அந்தப் பையைத்தான் வாங்குவேன். தேங்காய்ச் சில்லும் கறிவேப்பிலையும் இல்லை என்பதைத் தவிர நம் வீட்டுக் குழம்புக்கு அது வெகு பக்கம்.

செப்டம்பர், அக்டோபரில் வருகிறவர்கள் 'கா லின்' என்ற விரல் நீளக் கெண்டை மீனைத் தவறவிடக் கூடாது. மெகாங்கில் மேலிருந்து வெள்ளம் இறங்கும்போது அதோடு சேர்ந்து வருகிற மீன் அது. அதே சமயத்தில் வாய்க்கால் கரையெல்லாம் மஞ்சளாக ஒரு பூ பூக்கும், நம் சிற்றகத்தியின் இனம். மீனையும் பூவையும் சேர்த்துத்தான் சமைக்கிறார்கள். ஆனால் நான் இருந்த பருவத்தில் அந்த மீன் ஒரு கூடைக்கு மேல் வந்து நான் பார்க்கவில்லை. "தண்ணி முன்ன மாதிரி வர்றதில்ல" என்றார் மீன்காரம்மா. வகுப்பறையில் வரைபடத்தில் பார்த்ததும் அதுதான். மேலே அணைகள், வறட்சி, வெள்ளம் குறைவு, மீன் குறைவு. காவிரியில் தண்ணீர் எப்போது வரும் என்று பேசிப் பேசியே வளர்ந்தவள் நான். அந்தக் காலியான கூடையைப் பார்த்த அன்று எனக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

சிலருக்கு இந்தச் சந்தின் கடைசிப் பகுதி ஒத்துக்கொள்ளாது, அதையும் சொல்லிவிட வேண்டும். தவளையைத் தோலுரித்துக் கோத்து வைத்திருப்பார்கள். விலாங்கு மாதிரியான வயல் மீன் நெளிந்துகொண்டிருக்கும். அறுவடை முடிந்த வாரங்களில் வயல் எலியும் வரும், உரித்துச் சுத்தமாக அடுக்கி. பெல்ஜியத்துக்காரர் முகம் வெளுத்துப் போனார். நெல் விளைகிற ஊரில் எலி என்னவெல்லாம் செய்யும் என்பது எனக்குத் தெரியும். தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடிப்பவர்கள் எங்கள் வயலுக்கும் வருவார்கள். எனக்கு அதில் அருவருப்பு இல்லை. உங்களுக்கு இருந்தால் தோபுக் கடையோடு திரும்பிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு படம் எடுப்பது மட்டும் வேண்டாம். அது அவர்களுடைய சமையலறைக்குள் நின்று மூக்கைப் பொத்துவதற்குச் சமம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், ஏறக்குறைய நம் அமாவாசையும் பௌர்ணமியும், அங்கே பலர் இறைச்சி, மீன் தொட மாட்டார்கள். அன்றைக்குச் சந்தின் முகமே வேறாக இருக்கும். மீன் பாத்திரம் பாதியாகிவிடும். எட்டாம் அக்காவின் தோபு ஏழு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். தாமரை மொட்டும் சாமந்தியும் பழச்சீப்பும் வந்து உட்காரும். 'ஆன் சாய்' என்ற இரண்டு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள், சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். இதைச் சொல்லாமல் வெறும் காய்ப் பொரியல்தானே என்று வாங்கினால் அதில் மீன் சாறு இருக்கும். சொல்லிவிட்டால் அவர்களே எச்சரிப்பார்கள், "இது உனக்கு ஆகாது" என்று கையை வீசுவார்கள். மற்றபடி உச்சரிப்பில் கவனம் வேண்டும். 'யுவா' என்பதைக் குரல் இறக்கிச் சொன்னால் தேங்காய், சமமாகச் சொன்னால் வெள்ளரி, தர்பூசணி வகை, ஏற்றிச் சொன்னால் ரம்பை இலை. நான் கையால் காட்டித்தான் வாங்கினேன்.

பணத்தில் இரண்டு விஷயம். விலை சொல்லும்போது ஆயிரத்தை விழுங்கிவிடுவார்கள். இருபது என்றால் 20,000. இன்னொன்று, 20,000 தாளும் 500,000 தாளும் நீலமாகத்தான் இருக்கும், இரண்டிலும் ஹோ சி மின் படம்தான். இரண்டாம் வாரம் நான் இருட்டில் பெரிய தாளை நீட்டிவிட்டேன். யீ பா அதைத் திருப்பிக் கொடுத்து, என் பணப்பையை வாங்கி, பெரிய தாள்களைத் தனியே எடுத்து ஒரு ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தார். ஊர் திரும்பும்வரை அந்த வளையத்தை நான் கழற்றவில்லை. கீரைக் கடையில்கூட இப்போது கியூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால் உள்ளூர் வங்கிக் கணக்கு திறக்கும்வரை உங்களுக்குச் சில்லறை நோட்டுதான் துணை.

பேரம்? இந்தச் சந்தில் நான் பேரம் பேசவில்லை, பேசுகிறவர்களையும் அதிகம் பார்க்கவில்லை. வாடிக்கைக்காரருக்கு விலை குறையாது, எண்ணிக்கை கூடும். மெகாங் டெல்டாவில் 'சுக்' என்றால் பத்து என்று அகராதி சொல்லும். பழம் வாங்கும்போது அது பன்னிரண்டு. சில ஊர்களில் பதினாலு, பதினாறுகூட. அடிபட்ட பழத்துக்கு ஈடாகச் சேர்த்து வைக்கிறார்கள் என்றாள் தோழி. பத்து மாம்பழத்துக்குக் காசு கொடுத்துவிட்டு விடுதியில் வந்து எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்கே அது தெரிந்தது.

குறைகள் உண்டு. ஐந்துக்கு நாலு நட்சத்திரம்தான் கொடுப்பேன். குறைத்த ஒன்று பிளாஸ்டிக் பைக்காக. மிளகாய்க்கு ஒரு பை, அதை வைக்க ஒரு பை, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட இன்னொரு பை. மத்தியானம் சந்து கலைந்த பின் பார்த்தால் சாக்கடை ஓரம் முழுக்க அதுதான். நான் துணிப்பை கொண்டுபோனேன். யீ பா பிளாஸ்டிக் பையில் போட்டு அதைத் துணிப்பைக்குள் வைத்தார். இரண்டு மாதம் சொல்லித்தான் கீரையை மட்டும் வாழைநாரில் கட்டித் தர ஆரம்பித்தார். மழை பெய்தால் மீன் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றாக ஓடும். வழுக்காத செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள். மோட்டார் சைக்கிள் சந்துக்குள்ளேயே வரும், காலைப் பார்த்து வையுங்கள். இறைச்சி குளிர்பெட்டியில் இருக்காது. விடியலில் வெட்டியது ஏழு மணிக்குள் விற்றுவிடும், எட்டுக்குமேல் நான் வாங்க மாட்டேன்.

கன் தோ என்றால் எல்லோரும் கேட்பது காய் ராங் மிதவைச் சந்தையைத்தான். நின் கியூ படித்துறையிலிருந்து ஆற்றில் ஆறு கிலோமீட்டர் போனால் வரும். அதையும் பார்க்கத்தான் வேண்டும், அழகானது. ஒவ்வொரு படகும் ஒரு நீளக் கழியை நட்டு, தான் விற்கும் சரக்கில் ஒன்றை உச்சியில் கட்டித் தொங்கவிட்டிருக்கும். அன்னாசி தொங்கினால் அன்னாசிப் படகு. துணி தொங்கினால் அது விற்க அல்ல, காயப் போட்டது. ஓலை தொங்கினால் படகையே விற்கிறார்கள். சாப்பாட்டுப் படகு மட்டும் எதையும் தொங்கவிடாது. படகின் முகப்பில் இரண்டு கண் வரைந்திருப்பார்கள். 2016-இல் இதை வியட்நாமின் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தார்கள். ஆனால் பாலமும் சாலையும் வந்தபின் லாரியில் ஏறிவிட்ட சரக்கு திரும்ப ஆற்றுக்கு வரவில்லை. நாங்கள் போன அன்று வியாபாரப் படகைவிட வேடிக்கைப் படகு அதிகம். எங்களைக் கூட்டிப்போனவர் வழியில் நாங்கள் கேட்காத இரண்டு இடங்களில் நிறுத்திவிட்டு, இறங்கும்போது பேசியதைவிடக் கூடுதலாக வாங்கிக்கொண்டார். போகிறவர்கள் தொகையையும் நிறுத்தங்களையும் ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். ஐந்தரைக்கே போய்விடுங்கள். அசைகிற படகிலிருந்து கை நீட்டி வாங்கும் ஹூ தியு நூடுல்ஸை வேகமாகச் சாப்பிடாதீர்கள்.

சைகோன் வழியாக வருகிறவர்கள் பென் தான் சந்தையையும் பார்த்துவிடலாம். 1914-இல் திறந்த மணிக்கூண்டுக் கட்டடம். அங்கே விலை பேசித்தான் வாங்க வேண்டும். அதைவிட, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் துருவோங் தின் தெருவில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். நம்மவர்கள் கட்டிய கோயில். நான் போன வெள்ளிக்கிழமை உள்ளே கும்பிட்டு நின்றவர்கள் எல்லோருமே வியட்நாம்காரர்கள். சுவரில் நெற்றியை ஒட்டி வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பச் சந்துக்கு வருகிறேன். தெத்துக்கு முந்தைய பத்து நாளில் அதைப் பார்க்காதவர்கள் அதைப் பார்த்ததாகவே சொல்ல முடியாது. பூச்சட்டிகள் சா தெக்கிலிருந்து படகிலும் வண்டியிலும் வந்து தெருவை அடைத்துக்கொள்ளும், எங்கு பார்த்தாலும் துலுக்க சாமந்தி. படையல் தட்டுக்கு ஐந்து பழம் வாங்குவார்கள். சீதா இனப் பழம், தேங்காய், பப்பாளி, மாம்பழம், அத்தி. இந்தப் பெயர்களைத் தெற்கத்திப் பேச்சில் வரிசையாகச் சொன்னால், 'செலவுக்குப் போதுமானது கிடைக்கட்டும்' என்ற வேண்டுதல் மாதிரி ஒலிக்கும். செல்வம் கொட்டட்டும் என்று கேட்கவில்லை பாருங்கள், போதுமானதுதான். வாழைப்பழம் வைக்க மாட்டார்கள். அதன் பெயர் 'கவிழ்வது' என்ற சொல்லைப் போல ஒலிப்பதால் தெற்கே அது ஆகாது. வாழைப்பழம் இல்லாத பூஜையை நினைக்கவே முடியாத எனக்கு, அதை யீ பாவிடம் சொல்லிப் புரிய வைக்க ஒரு காலைப்பொழுது ஆனது. நான் இரண்டாம் நாள் தொட்டுவிட்டு வைத்த பாகற்காய்க்கு அப்போது ஏக கிராக்கி. அதன் பெயர் 'கொ குவா'. கஷ்டம் கடந்து போகும் என்று அதற்கு இன்னொரு பொருள் கொள்ளலாம். அதற்காகவே வீட்டுக்கு வீடு பாகற்காய் சூப்.

புத்தாண்டுக்கு முந்தைய நாள் மத்தியானத்தோடு சந்து வெறிச்சோடியது. அடுத்து எப்போது கூடும் என்று யாரும் பலகை வைப்பதில்லை. அவரவர் நல்ல நாள் பார்த்துத் திறப்பார்கள். யீ பா ஆறாம் நாள் என்று விரலால் காட்டினார். அப்புறம் என்னைச் சுட்டினார், நாலரை என்று காட்டினார். தோழி ஊருக்குப் போயிருந்தாள், மொழிபெயர்க்க ஆள் இல்லை. ஆனால் வருஷத்தின் முதல் போணிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

ஆறாம் நாள் நாலேகாலுக்கே போனேன். தலைக்குக் குளித்து, ஊரிலிருந்து கொண்டுபோன பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டு. சந்தில் மூன்றே கடைகள். யீ பா புதுசாகப் பூப்போட்ட சட்டையும் அதே துணியில் காற்சட்டையும் போட்டிருந்தார், காலைச் சந்தையில் பெண்கள் எல்லோரும் போடுகிற உடை. கூடையில் கீரைக்குப் பக்கத்தில், அதுவரை அவர் விற்றே நான் பார்க்காத உப்புப் பொட்டலங்கள் இருந்தன. வருஷத் தொடக்கத்தில் உப்பு வாங்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். புது வீட்டுக்குள் முதலில் உப்பை எடுத்துவைக்கிற வீட்டுப் பெண்ணுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விலை கேட்காமல் ஒரு பொட்டலம் உப்பும் ஒரு கட்டு வள்ளைக்கீரையும் எடுத்து, புது நோட்டாக ஒரு 50,000 கொடுத்தேன். மீதியை எண்ணித் தந்துவிட்டு, அந்த நோட்டைக் கூடையின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி இடுப்புப் பைக்குள் வைத்தார். அடுத்த மோட்டார் சைக்கிள் அதற்குள் வந்து காலை ஊன்றிவிட்டது.